‘சின்’ என்ற ஒரே சொல்லும் மூன்று ஸ்காண்டிநேவிய இணைய அகராதிகளும்: ஒரு மதிப்பீடு

நோர்வே, சுவீடன், டென்மார்க் மூன்று நாடுகளும் தத்தம் மொழியின் முதன்மை அகராதிகளை இணையத்தில் முழுதாகத் திறந்து வைத்திருக்கின்றன. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. நோர்வேக்கு ‘ஒர்ட்பெக்கெனெ’, சுவீடனுக்கு ‘ஸ்வென்ஸ்கா’, டென்மார்க்குக்கு ‘ஓர்ட்நெட்’. ஓர் அகராதியின் தரம் அரிய சொற்களில் தெரியாது. அவற்றை எல்லோரும் ஒழுங்காகவே எழுதிவிடுவார்கள். நாள் முழுக்க வாயில் வந்துகொண்டே இருக்கும் சிறு சொல்லை எப்படி விளக்குகிறார்கள் என்பதில்தான் கைத்திறன் தெரியும். அதனால் இந்த மதிப்பீட்டுக்கு மூன்று மொழிக்கும் பொதுவான ‘சின்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறோம்.

‘சின்’ என்பது படர்க்கையில் வரும் தற்சுட்டு உடைமைச் சொல். தமிழில் அதற்கு நேரான சொல் ‘தன்’. நோர்வே மொழியில் ‘ஹன் எல்ஸ்கர் கூனா சி’ என்றால் அவன் தன் மனைவியை நேசிக்கிறான். ‘ஹன் எல்ஸ்கர் கூனா ஹன்ஸ்’ என்றால் அவன் நேசிப்பது வேறொருவனின் மனைவியை. ஒரே அசை மாற, சொந்த மனைவி அடுத்தவன் மனைவி ஆகிவிடுகிறாள்.

ஆங்கிலத்தின் ‘ஹிஸ்’ இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் ‘சீன்’ என்று இதே சொல் இருந்தது. பிறகு வழக்கொழிந்து போனது. ஜெர்மனின் ‘ஸைன்’ இதே சொல்தான் என்றாலும் ‘அவனுடைய’ என்ற பொதுப் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. தமிழர் ஒருவர் ஆங்கில வழி அகராதியில் ‘சின்’னைத் தேடினால், தன் தாய்மொழியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வேறுபாட்டை ஆங்கிலத்தில் தொலைத்துவிட்டு மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தந்த மொழியின் அகராதிக்கே நேராகப் போகச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

நோர்வே: ஒர்ட்பெக்கெனெ

பெர்கன் பல்கலைக்கழகமும் நோர்வேயின் மொழி மன்றமும் சேர்ந்து நடத்தும் தளம் இது. நோர்வேக்கு எழுத்து மொழிகள் இரண்டு: பொக்மோல், நீநொர்ஸ்க். இரண்டுக்குமான அகராதிகள் 1986இல் அச்சில் வந்தவை. இன்று ஒரே தேடலில் இரண்டையும் பார்க்கலாம். ஒரு மொழி மட்டும் போதுமென்றால் தேடல் பெட்டியருகே தேர்ந்துகொள்ளலாம். தொடக்கநிலையில் இருப்பவர்கள் கட்டாயம் அப்படித் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டையும் கலந்து எழுதுவதுதான் நோர்வேயில் புதிதாகப் படிப்பவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

இந்தத் தளத்தின் பலம் வடிவ அட்டவணை. ‘சின்’னுக்கு நோர்வே மொழியில் நான்கு வடிவங்கள்: ஆண்பாலுக்கு ‘சின்’, பெண்பாலுக்கு ‘சி’, நடுப்பாலுக்கு ‘சிட்’, பன்மைக்கு ‘சினெ’. பதிவிலுள்ள ‘வடிவங்களைக் காட்டு’ பொத்தானை அழுத்தினால் அட்டவணை விரியும். அதில் இருப்பவை அனைத்தும் அரசு ஏற்ற எழுத்து வடிவங்கள், ஆகவே பள்ளிக் கட்டுரைக்கும் அலுவலக மடலுக்கும் யோசிக்காமல் பயன்படுத்தலாம்.

தமிழ்ப் பழக்கம் காலை வாருவது இந்த அட்டவணையில்தான். தமிழில் ‘தன்’ உடையவரைப் பார்த்து மாறும்: ஒருவர் என்றால் ‘தன்’, பலர் என்றால் ‘தங்கள்’. உடைமைப் பொருளை அது கண்டுகொள்வதில்லை. தன் வீடு, தன் வண்டி, தன் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே ‘தன்’ போதும். ‘சின்’ நேரெதிர். உடையவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று அது பார்ப்பதில்லை. உடைமைப் பொருளின் பாலையும் எண்ணையும் மட்டுமே பார்க்கும். கார் ஆண்பால், ஆகவே ‘பீலன் சின்’. புத்தகம் பெண்பால், ‘பூக்கா சி’. வீடு நடுப்பால், ‘ஹூஸெ சிட்’. பிள்ளைகள் பன்மை, ‘பார்ணா சினெ’. உடையவர் ஒரு பெண் என்பதற்காக ‘சி’ போடுவது அடிப்படைத் தவறு. பெண்ணின் காரும் ‘பீலன் சின்’தான்.

பொக்மோலில் இன்னொரு நுணுக்கம். பெண்பால் பெயர்களைப் பொதுப்பாலாகவும், அதாவது ஆண்பால் போலவே, எழுத அனுமதி உண்டு. ‘பூக்கா’ என்று ஆகாரத்தில் முடித்தால் ‘சி’, ‘பூக்கன்’ என்று முடித்தால் ‘சின்’. ‘பூக்கா சின்’ என்று கலந்தால் படிப்பவர் காதில் உடனே உறுத்தும்.

இடமும் முக்கியம். ‘சின்’ பெயருக்குப் பின்னால் வந்தால் பெயர் குறிப்பிட்ட வடிவில் (ஆங்கிலத்தின் ‘தி’ சேர்ந்தது போன்ற வடிவில்) இருக்க வேண்டும், முன்னால் வந்தால் வெறும் வடிவில். ‘ஹூஸெ சிட்’ சரி, ‘சிட் ஹூஸ்’ சரி, ‘சிட் ஹூஸெ’ தவறு. பேச்சில் பின்னால் வருவதே இயல்பு. முன்னால் வைத்தால் அழுத்தமாகவோ ஏட்டு நடையாகவோ ஒலிக்கும்.

தேடலில் ஒரு பொறி இருக்கிறது. ‘சி’ என்ற இரண்டெழுத்தை அப்படியே தட்டினால் ‘சொல்’ என்று பொருள்படும் வினைச்சொல்லும் சேர்ந்தே வந்து நிற்கும். எழுத்து ஒன்றுதான், சொல் வேறு. ‘சிட்’டும் அப்படியே. ‘உட்கார்’ என்ற ஏவலுக்கும் அதே எழுத்துதான். ஆகவே தலைச்சொல்லான ‘சின்’னையே தேடுங்கள். பதிவில் ‘டெட்டர்மினடீவ்’ என்ற இலக்கணக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு பொருளுக்குப் போங்கள்.

பொருள் விளக்கத்தில் தனிப் பாராட்டுக்குரியது, பேச்சுவழக்கில் வரும் உடைமைத் தொடரை இந்த அகராதி ஒதுக்கிவிடாமல் கொடுத்திருப்பது. ‘பேர் சின் பீல்’ என்றால் பேர் என்பவனுடைய கார். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘பேர் தன் கார்’. இதற்கு நோர்வே இலக்கணத்தில் ‘கார்ப்’ உடைமை என்று பெயர். கார்ப் என்பது பெர்கன் துறைமுகத்தில் வணிகம் நடத்திய, ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியர்களுக்கு உள்ளூரார் வைத்த ஏளனப் பெயர். அவர்களின் வடஜெர்மனிப் பேச்சான தாழ்ஜெர்மனிலிருந்து வந்த அமைப்பு என்பதால் அந்தப் பெயரே நிலைத்தது. ஒரு காலத்தில் தாழ்வாகப் பார்க்கப்பட்டது, இன்று நாடெங்கும் பரவிவிட்டது. ‘இது யாருடையது’ என்பதற்கு ‘வெம் சின்’ என்று தெருவில் கேட்கும்போது குழம்பாமலிருக்க இந்தப் பகுதியைப் படித்துவிட வேண்டும்.

குறை என்றால் ஒலிப்பு. கேட்டுப் பழகுவதற்கு இந்தத் தளத்தை நம்பிப் பயனில்லை.

சுவீடன்: ஸ்வென்ஸ்கா

சுவீடிஷ் அகாதமியின் மூன்று அகராதிகள் ஒரே தேடலில் வருகின்றன. எஸ்ஏஓஎல் எழுத்துக்கூட்டலுக்கும் வடிவங்களுக்கும். முதல் பதிப்பு 1874, பதினான்காம் பதிப்பு 2015. எஸ்ஓ இன்றைய பொருளுக்கு. எஸ்ஏஓபி 1521 முதலான எழுத்துச் சான்றுகளோடு கூடிய வரலாற்று அகராதி.

மூன்றில் அன்றாடம் கைகொடுப்பது எஸ்ஓ. பொருள், எடுத்துக்காட்டு, நிலைத்த தொடர்கள் ஆகியவற்றோடு, சொல் எப்போதிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது, எங்கிருந்து வந்தது என்பதையும் பதிவின் முடிவில் சுருக்கமாகத் தந்துவிடுகிறது. சுவீடிஷில் ஆண்பாலும் பெண்பாலும் ஒரே பொதுப்பாலாகக் கலந்துவிட்டதால் வடிவங்கள் மூன்றுதான்: ‘சின்’, ‘சிட்’, ‘சினா’. இடமும் எளிது, பொது எழுத்துமொழியில் பெயருக்கு முன்னால் மட்டும். ‘ஃபார் சின்’ (தன் தந்தை) போன்ற ஒரு சில உறவுச்சொல் தொடர்களில் பின்னால் கேட்கலாம்.

இங்கும் தேடல் பொறி உண்டு. ‘சினா’ என்று தட்டினால் ‘வற்றிப்போ’ என்ற வினைச்சொல் வரும். ஊற்று வற்றுவதற்கும் பசுவின் மடி வற்றுவதற்கும் அதுதான் சொல். பசு பால் மறத்த நிலையைக் குறிக்க ‘சின்’ என்ற பெயர்ச்சொல்லும் உண்டு. இப்படி மூன்று சொற்கள் எழுத்தில் கலந்து வருவதால், எண் போட்டுப் பிரித்திருக்கும் தலைச்சொற்களில் ‘புரோனோமென்’ என்றிருப்பதை மட்டும் திறக்கவும்.

எஸ்ஏஓபி பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. முதல் பகுதி 1893இல் வந்தது, கடைசித் தொகுதி முடிந்தது 2023இல். நூற்றிமுப்பது ஆண்டு இடைவெளி ஒரே நூலுக்குள் இருக்கிறது. அகரவரிசையின் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுவீடிஷ், முடிவு இருபத்தொன்றாம் நூற்றாண்டின் சுவீடிஷ். ‘அலர்ஜி’ போன்ற சொல்லுக்கு முதல் தொகுதிகளில் இடமே இல்லாமல் போனது இப்படித்தான். பதிவுக்கு அருகே அது வெளியான ஆண்டு போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் ‘இன்றைய வழக்கு இது’ என்று முடிவு கட்டக்கூடாது. சுருக்கக் குறிகளும் அடர்த்தி. சொல்வரலாற்றில் ஆர்வம் உள்ளவருக்குச் சுரங்கம், பரீட்சைக்குப் படிப்பவருக்கு வீண் அலைச்சல்.

எந்த அகராதியாலும் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் சுவீடிஷில் புகழ்பெற்றது. அவள் அவனிடம் ‘சின்’ பையை எடுத்து வரச் சொன்னாள். யாருடைய பை? சொன்னவள் முதன்மை வினையின் எழுவாய். எடுத்து வர வேண்டியவன் உள்ளே இருக்கும் வினையின் செயலாளி. சுவீடிஷ்காரரே இரண்டு விதமாகவும் புரிந்துகொள்வார். இப்படிப்பட்ட இடத்தில் வாக்கியத்தையே உடைத்து எழுதுவதுதான் வழி. சுவீடனின் மொழி, நாட்டார் வழக்கு நிறுவனமான ஈசோஃப் நடத்தும் ‘ஃப்ரோகெலோடான்’ என்ற கேள்வி-பதில் தளம் இத்தகைய ஐயங்களுக்கு அகராதியைவிட உதவும்.

டென்மார்க்: ஓர்ட்நெட்

டேனிஷ் மொழி, இலக்கியச் சங்கம் நடத்தும் தளம். இன்றைய மொழிக்கு டிடிஓ. அச்சில் 2003 முதல் 2005 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்தில் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. 1700 முதல் 1950 வரையிலான மொழிக்கு ஓடிஎஸ், 28 தொகுதிகள், 1918 முதல் 1956 வரை. ஓடிஎஸ்ஸைத் திறப்பவர்கள் திகைக்க வேண்டாம். 1948 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய முறைப்படி பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும், ஓகார ஒலிக்கு இரட்டை ‘ஏ’ எழுத்து இருக்கும்.

பயன்பாட்டில் மூன்று தளங்களிலும் சிறந்தது டிடிஓ என்பது எங்கள் கணிப்பு. ஏராளமான தலைச்சொற்களுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. எழுத்தைப் பார்த்துப் படிக்க முடியாத டேனிஷுக்கு இது பெரிய உதவி. பொருள்கள் எண் வரிசையில் கிளைகிளையாகப் பிரிகின்றன. எடுத்துக்காட்டுகள் உண்மையான நூல்களிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை.

டேனிஷில் வடிவங்கள் மூன்று, ‘சின்’, ‘சிட்’, ‘சினெ’. ஆனால் ஒரு விதி மற்ற இரண்டு மொழியிலிருந்தும் பிரிந்து நிற்கிறது. எழுவாய் ஒருமையாக இருந்தால் மட்டுமே ‘சின்’. பன்மை என்றால் ‘அவர்களுடைய’ என்று பொருள்படும் ‘டேரெஸ்’. நோர்வேயிலும் சுவீடனிலும் ‘அவர்கள் தங்கள் தொப்பிகளை எடுத்தார்கள்’ என்பதற்கு ‘சினெ’, ‘சினா’ வரும். டென்மார்க்கில் ‘டேரெஸ்’தான். இந்த ‘டேரெஸ்’ சொந்தத் தொப்பியையும் குறிக்கும், வேறு ஆட்களின் தொப்பியையும் குறிக்கும். பெரிய எழுத்தில் எழுதினால் மரியாதையான ‘உங்களுடைய’ என்றும் ஆகும், காதில் விழும்போது மூன்றும் ஒன்று. விலக்கு ஒன்று: ‘ஆளுக்கொரு’ என்று பொருள்படும் ‘வேர் சின்’ தொடரில், எழுவாய் பன்மையானாலும் ‘சின்’ வரலாம். டென்மார்க்கின் மேற்குப் பகுதியான யூட்லாந்தின் வட்டாரப் பேச்சில் ‘தன்’ என்ற இடத்திலும் ‘ஹன்ஸ்’ கேட்கும். அதைக் கேட்டு எழுத்தில் பின்பற்றக் கூடாது.

இந்தப் பிரிவு பின்னாளில் வந்தது. சொல்லின் மூலம் மூன்றுக்கும் ஒன்றே, அதற்குக் கல்வெட்டுச் சான்று டென்மார்க்கிலேயே நிற்கிறது. யூட்லாந்தின் யெல்லிங் ஊரில் அரசன் ஹரால்ட் புளூடூத் பத்தாம் நூற்றாண்டில் நட்ட பெரிய ரூன் கல்லில் (ரூன் என்பது பழைய ஸ்காண்டிநேவிய எழுத்து), தந்தை கோர்முக்கும் தாய் தீராவுக்கும் நினைவாகச் செய்வித்ததாகப் பொறித்திருக்கிறது. தந்தைக்கு ‘ஃபாதுர் சின்’, அதே வாக்கியத்தில் தாய்க்கு ‘மூதுர் சினா’. உடையவன் ஒரே ஹரால்ட்தான். தந்தை ஆண்பால், தாய் பெண்பால் என்பதால் சொல்லின் வால் மாறுகிறது. இன்று நோர்வே வகுப்பறையில் சொல்லித்தரும் அதே விதி ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கல்லில் இருக்கிறது. சுவீடனின் ரூன் கற்களிலும் ‘தன் தந்தை நினைவாக’ என்பது திரும்பத் திரும்ப வரும் வாய்பாடு. சகோதரர்கள் பலர் சேர்ந்து கல் நட்டாலும் அங்கே ‘சின்’தான்.

மூன்று மொழிக்கும் மூதாதையான பழைய நோர்ஸில் ஆண்பால் ‘சின்ன்’, பெண்பால் ‘சீன்’, நடுப்பால் ‘சிட்ட்’. நடுப்பாலில் இரட்டை டகரம் எப்படி வந்தது என்பதற்கு விடை எளியது. ‘சின்’னோடு நடுப்பால் விகுதி டகரம் சேர்ந்தபோது னகரம் டகரத்தில் கரைந்து இரட்டித்தது. ‘என்’னைக் குறிக்கும் ‘மின்’ ‘மிட்’ ஆனதும், ‘உன்’னைக் குறிக்கும் ‘டின்’ ‘டிட்’ ஆனதும் இப்படித்தான். ஒன்றைப் புரிந்துகொண்டால் மூன்றும் மனப்பாடம். நோர்வேயின் ‘சி’ பெண்பால் ‘சீன்’ இறுதி னகரத்தை இழந்த வடிவம். இன்னும் பின்னால் போனால் இந்திய-ஐரோப்பியத் தற்சுட்டு வேர். லத்தீனின் ‘சூஸ்’, ரஷ்யனின் ‘ஸ்வோய்’, சமஸ்கிருதத்தின் ‘ஸ்வ’ எல்லாம் அந்தக் கிளைகள். தமிழில் நாம் எழுதும் ‘சுய’, ‘சுயம்வரம்’ சமஸ்கிருதம் வழியாக அந்த வேரிலிருந்தே வந்தவை. ‘தன்’ தனித் திராவிடச் சொல். இலக்கண வேலை ஒன்று, குருதித் தொடர்பு இல்லை.

அகராதி சொல்லித்தராத இடம்

மூன்று தளங்களையும் கரைத்துக் குடித்தாலும் தமிழர் தவறுகிற இடம் ஒன்று மிச்சமிருக்கும். ‘தன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னான்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ‘தன்’ உள்வாக்கியத்தில் இருந்துகொண்டு வெளிவாக்கியத்தின் எழுவாயைத் தொடுகிறது. ஸ்காண்டிநேவியப் பெருநில மொழிகளான இந்த மூன்றிலும் இங்கே ‘சின்’ வராது. ‘சின்’ தன் வாக்கியத்துக்குள் இருக்கும் எழுவாயைத்தான் சுட்டும், ஆகவே எழுவாய்க்குள்ளேயே அது உட்கார முடியாது. உடம்பு சரியில்லாத மனைவி உள்வாக்கியத்தின் எழுவாய். எனவே ‘கூனா ஹன்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும், யார் மனைவி என்பது சூழலில் விளங்கும். ஐஸ்லாந்து மொழியில் மட்டும் சில வாக்கியங்களில் தற்சுட்டு இப்படி வெளியே எட்டிப் பார்க்கும். தமிழின் போக்குக்கு அது நெருக்கம்.

‘பேரும் அவர் மனைவியும் வந்தார்கள்’ என்பதிலும் ‘ஹன்ஸ்’தான். மனைவியும் எழுவாயின் பகுதி. தமிழும் இங்கே ‘அவர்’ என்றே சொல்வதால் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பேச்சுத் தமிழில் ‘அவன் அவனோட வண்டிய எடுத்துட்டுப் போனான்’ என்றால் சொந்த வண்டி என்றே கொள்வோம். அதே பழக்கத்தில் ‘ஹன்ஸ்’ போட்டால் நோர்வேக்காரர் காதில் அவன் இன்னொருவன் வண்டியை ஓட்டிப் போனதாக விழும். காவல்துறையில் எழுதிக் கொடுக்கும் முறைப்பாட்டிலோ காப்பீட்டுப் படிவத்திலோ இது சின்னப் பிழை அல்ல. எழுதி முடித்ததும் ஒவ்வொரு ‘ஹன்ஸ்’ (அவனுடைய), ‘ஹென்னெஸ்’ஸிலும் (அவளுடைய) நின்று, உடையவர் அதே வாக்கியத்தின் எழுவாயா என்று கேளுங்கள். ஆம் என்றால், அந்தச் சொல் எழுவாய்க்குள் இல்லையென்றால், ‘சின்’ போட்டு, உடைமைப் பொருளின் பாலைப் பார்த்து வாலை மாற்றுங்கள்.

இந்த விதிகளுக்கு நோர்வேயில் மொழி மன்றத்தின் தளத்திலும், டென்மார்க்கில் ‘ஸ்ப்ரோகெட்’ தளத்திலும் தெளிவான விளக்கங்கள் இருக்கின்றன. அகராதியோடு சேர்த்து அவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நோர்வேயில் வாழும் தமிழருக்கு நான்காவதாக ‘லெக்சின்’ இருக்கிறது. குடியேறியவர்களுக்காக உருவான இலவச அகராதி, நோர்வேப் பதிப்பின் மொழிகளில் தமிழும் ஒன்று. பொருளைத் தமிழில் உடனே பிடிக்க அது வேகமான வழி. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற சுருக்க முறையில் ‘சின்’ போன்ற இலக்கணச் சொல்லின் நடத்தை அடங்காது. லெக்சினில் பொருளைப் பார்த்துவிட்டு, வால் எது, இடம் எது என்பதற்கு ஒர்ட்பெக்கெனெவின் அட்டவணைக்குப் போவதே சரியான வரிசை.